மணிக்கு ஒரு பாய்

மணியின் பழைய பெயர் பாய். ஆங்கிலத்தில் பையன் என்று பொருள்படும் பாய். பினாங்கில் சீனர் வீட்டு ஆண் நாய்கள் பலவற்றுக்கு இதுதான் பெயர். முன்னால் ஒரு 'ஆ' சேர்த்து 'ஆ பாய்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அங்கே அது சரி. சூலியா தெருவின் மாடி ஜன்னலருகே நின்றுகொண்டு "பாய், எறங்கு!" என்று கத்தினால் கீழே அஞ்சடியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். ராமநாதபுரம் பக்கமிருந்து சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். நாய் வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டார்: "இந்தத் தெருவுல அந்தப் பேரு ஆவாது. மொதல்ல பேர மாத்து."

எட்டு வயது நாய்க்குப் பெயர் மாற்றுவது கேட்பதற்குத்தான் கடினம். 'மணி' என்று ஒருமுறை சொல்ல வேண்டும். நாய் தற்செயலாகத் திரும்பினாலும் போதும், உடனே அவித்த கோழி ஈரலில் நகக்கண் அளவு ஒரு துணுக்கு. பழைய பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் மணி என்றால் காது விடைத்தது. ஹொக்கியன் மட்டும் போகவில்லை. 'லாய்' என்றால் வரும், 'சியா' என்றால் சாப்பிடும், 'மாய்' என்றால் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும். அம்மாவுக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்கு ஹொக்கியன் வரும். இருவருக்கும் பேச்சு நன்றாகவே ஓடியது.

பெயருக்கு இரண்டு வாரம். சோபாவுக்கு ஐந்து மாதம்.

மணி எங்களிடம் வந்தது 2023இல். அதற்கு முன் இரண்டு சந்து தள்ளி தனியாக இருந்த ஒரு சீன ஆண்ட்டியின் நாய். 2015 ஜூலையில் பெர்லிசில் வெறிநாய்க்கடி நோய் கண்டுபிடிக்கப்பட்டு, கெடாவுக்குப் பரவி, செப்டம்பரில் பினாங்குக்கும் வந்தது. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் எதிர்த்துக் கூட்டம் போட்டன, தடுப்பூசிதான் வழி என்றன. பத்திரிகையில் அந்தச் சண்டை ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பின்சந்தில் கிடந்த குட்டி ஒன்றை ஆண்ட்டி மடியில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் குட்டி தெருவைப் பார்க்காமலே வளர்ந்தது. அதற்கு உலகம் என்பது ஒரு கூடம், ஒரு தொலைக்காட்சி, ஒரு சோபா. ஆண்ட்டி சோபாவின் ஒரு மூலையில், அது மறு மூலையில். எட்டு வருடம்.

பிறகு ஆண்ட்டியின் மகன் அவரைத் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம், அலுமினியத் தட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு ஆண்ட்டி எங்கள் படிக்கட்டில் ஏறி வந்தார். நாயை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அது எங்கே படுக்கும், எதைச் சாப்பிடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை நாயைப் பார்க்கவில்லை.

அவர் தெரு முனை திரும்புவதற்குள் மணி எங்கள் சோபாவில் ஏறி வலது மூலையில் சுருண்டுகொண்டது. ஜன்னல் பக்கத்து மூலை. அங்கிருந்து பார்த்தால் ஆண்ட்டி போன திசை தெரியும்.

அந்த மூலை ஒருவருடையது. சிக்கல் அங்கேதான்.

வெளியூர்க்காரர்களுக்காகத் தெருவைப் பற்றிக் கொஞ்சம். பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் வந்திறங்கி நகரத்துக்குக் கோடு கிழித்தபோது வகுத்த நாலு எல்லைத் தெருக்களில் ஒன்று இது. தொடக்கத்தில் மலபார் தெரு என்றார்கள், அப்புறம் சூலியா. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு இங்கே சூலியர் என்று பெயர். கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. கூப்பிடு தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801இல் தொடங்கியது. அந்தப் பக்கம் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில். பாங்கு சத்தமும் கோயில் மணியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் எங்கள் மாடி. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனைப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு, முதுகுப்பை மாட்டிய வெள்ளைக்காரர்கள் இந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போகிறார்கள்.

அப்பாவுக்கு ஒரு சிநேகிதர். பிட் தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்தவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரியிலிருந்து வாடகை சந்தை விலைக்கு ஏறியபோது இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் போயின. மாமாவும் குளுகோருக்குப் போனார். நாங்கள் தங்கிவிட்டது தனிக்கதை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் அவருக்குக் கப்பித்தான் கிளிங்கை விட்டால் வேறு பள்ளி கிடையாது. தொழுகை முடிந்ததும் நேரே எங்கள் மாடிக்கு வருவார். அப்பா சோபாவின் இடது மூலையில், மாமா வலது மூலையில். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். அம்மா வெல்லம் போட்ட இஞ்சித் தேநீர் கொடுப்பார். அஸர் நேரம் நெருங்கியதும் மாமா எழுந்து பள்ளிக்குப் போய்விடுவார். அப்பா 2019இல் போனார். மாமா வருவது நிற்கவில்லை. வந்து அதே மூலையில் உட்கார்ந்து, காலியாக இருக்கும் மூலையைப் பார்த்தபடி தேநீரைக் குடித்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, வெள்ளிக்கிழமை காலையிலேயே இஞ்சி தட்டிவைப்பார்.

மணி வந்த முதல் வெள்ளிக்கிழமை மாமா படியேறி வந்து மேல்படியில் நின்றார். வெள்ளைக் கைலி, வெள்ளை ஜிப்பா. சோபாவில் மணி. மணி தலையைத் தூக்கிப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டியது. மாமா சிரித்தார். "இருக்கட்டும் தம்பி, இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று திரும்பினார். அம்மா தேநீர்க் குவளையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

நாயைச் சோபாவிலிருந்து இறக்குவது எங்கள் வீட்டில் சுத்தப் பிரச்சினையோ தோல் கிழியும் பிரச்சினையோ அல்ல. ஒரு மனிதர் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கீழே கடை வைத்திருப்பவர், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? கிழட்டு நாய், ஒன்னும் படியாது" என்றார். அம்மாவோ "நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டுல வச்சாலும்" என்று ஆரம்பித்து, மிச்சத்தை முடிக்காமல் மணியின் காதைச் சொறிந்தார். தமிழில் நாயைப் பற்றிய பழமொழிகளைத் தொகுத்துப் பார்த்தால் நம்மைப் போல நாயைத் திட்டிய சமூகம் வேறு இருக்குமா என்று சந்தேகம் வரும். திட்டிக்கொண்டே சோறும் போட்டிருக்கிறோம், அது வேறு விஷயம்.

ஐந்து, ஐம்பது கணக்கை வியன்னாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளியான ஆய்வு. ஐந்து மாதக் குட்டியிலிருந்து பதின்மூன்று வயதுக் கிழடு வரை 95 பார்டர் கோலி நாய்களைத் தொடுதிரை முன்னால் உட்காரவைத்து, படங்களைப் பிரித்தறியப் பழக்கினார்கள். வயதான நாய்கள் மெதுவாகத்தான் கற்றன, அதிக முறை தவறின. ஆனால் 'இது இல்லையென்றால் அதுதான்' என்று விலக்கிப் பார்த்து முடிவுக்கு வரும் சோதனையில் இளசுகளைவிடக் கிழடுகள் மேல். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அது வெள்ளைக்காரன் நாய்லா" என்றார்.

நாய் வளர்க்கும் நண்பன் ஒருவன் சொன்னது வேறு மாதிரி. "நீதான் தலைவன்னு காட்டணும்டா. மேல ஏறிப் படுக்கிற நாய் ஒன்ன மதிக்கல. கழுத்துப்பட்டையப் பிடிச்சு இழுத்து எறக்கு." இந்தத் தலைவன் கதைக்கு வேர் 1947இல் இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் பேசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் கொண்டுவந்து ஒரே கொட்டிலில் விட்டால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? டேவிட் மெக் தன் 1970ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அதை ஊரறியச் செய்தார். பிறகு காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்தக் 'கூட்டம்' என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டுமே என்று தெரிந்தது. தலைவன் என்ற சொல்லே பொருந்தாது என்று 1999இல் அவரே எழுதினார். புத்தகம் போட்டவரே திருத்திச் சொல்லியும் கழுத்துப்பட்டை இழுப்பு இன்னும் நிற்கவில்லை. நாய்க்கு அரியணை ஆசை இருந்தால் சோபாவில் தூங்கி ஏன் வழிகிறது? மெத்தென்று இருக்கிறது, உயரத்திலிருந்து தெரு தெரிகிறது, மனித வாசனை இருக்கிறது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நண்பன் ஒருநாள் நேரிலேயே வந்து செய்து காட்டப் போனான். தூக்கத்தில் இருந்த மணியின் பட்டையில் கைவைத்ததும் ஒரு உறுமல். பெரிய சத்தம் இல்லை, தொண்டைக்குள் கல் உருளும் மாதிரி. நண்பன் கையை எடுத்துக்கொண்டான். உறுமும் நாயை அடிக்கக் கூடாது. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் கொடுக்கும் அவகாசம். அடித்து உறுமலை நிறுத்திவிட்டால் அடுத்த முறை அவகாசம் இல்லாமல் பல் வரும்.

திட்டினால்? திட்டினால் மணி இறங்கும். காதை மடக்கி, கண்ணை ஓரமாகத் திருப்பி, 'நான் பாவி' என்பது போல் முகத்தை வைத்துக்கொள்ளும். அலெக்சாண்ட்ரா ஹொரொவிட்ஸ் 2009இல் இந்த முகத்தைத்தான் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. எஜமானர் திட்டினால் அந்த முகம் வருகிறது, தின்னாத நாய்க்கும். ஆக, திட்டில் மணி கற்றது ஒன்றே ஒன்று: நான் கூடத்தில் இருக்கும்போது சோபா ஆகாது. நான் குளிக்கப் போனால் ஆகும்.

அம்மா இருந்தாலும் ஆகும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இரவு பதினொரு மணிக்கு மேல் அம்மா தூக்கம் வராமல் எழுந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து ஏதாவது நாடகம் பார்ப்பார். இடது மூலையில், அப்பாவின் இடத்தில். மணி வலது மூலையில். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது பார்த்தேன். நீல வெளிச்சத்தில் இருவரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்டி வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்தேன்.

பகல் முழுக்க இல்லை, நடுராத்திரி மட்டும் உண்டு என்பது நாயின் கணக்கில் 'இல்லை' ஆகாது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் தடித்த புத்தகமாகவே போட்ட விஷயம் இது. ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். நம்மூரில் இதற்குப் புறாக்கள் தேவையில்லை, நாலு நம்பர் கடை வாசலில் நின்றாலே போதும். ஒருநாள் சின்னதாக ஒரு பரிசு விழுந்திருக்கும், பத்து வருடம் வரிசையில் நிற்பார்கள். மணிக்கு ஒவ்வொரு இரவும் பரிசு விழுந்துகொண்டிருந்தது.

அம்மாவிடம் 'ஏத்தாதீங்க' என்று சொல்லலாம். சொன்னால் கேட்பார். ஆனால் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஒரு உயிர் மூச்சுவிடும் சத்தம் அவருக்கு ராத்திரியில் வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பகலில் மாமா வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மூலை.

மாமாவைக் கீழே அஞ்சடியில் பிடித்தேன். மேலே வராத வெள்ளிக்கிழமைகளில் அவர் கடை நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்தனுப்பும் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சங்கடமாக இருந்தது, அவருக்கு இல்லை. நேரடியாகவே கேட்டேன், நாய் இருக்கிற வீட்டுக்குள் வரலாமா கூடாதா என்று.

"வரலாம் தம்பி, யாரு கூடாதுன்னா? காய்ஞ்ச நாய் காய்ஞ்ச துணியில பட்டா ஒன்னுமில்ல. ஈரந்தான். அதோட எச்சி, நனைஞ்ச ஒடம்பு. அது பட்டா ஏழு தடவ கழுவணும், ஒரு தடவ மண்ணு கலந்து. இங்க எல்லாரும் ஷாபி. எங்க வாப்பா ராவுத்தரு, ஹனபி. ஊர்ல மூணு தடவ கழுவுனா போதும்னுவாரு. நான் இங்கயே பொறந்தவன், ஏழுதான் பழகிப்போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது சோபாவ நக்குமா?"

நக்கும். உட்காரும் இடத்தைப் பத்து நிமிடம் நக்கிச் சரிசெய்துவிட்டுத்தான் படுக்கும்.

"அப்ப எனக்குத் தொழுவப் போறப்ப சந்தேகமா இருக்கும். சந்தேகத்தோட ஒக்காரக் கூடாது. ஒன் வீட்டு மேல குத்தமில்ல."

இந்த நாட்டில் நாய் என்றாலே பேச்சு சட்டென்று சூடாகிவிடும். 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில் 'நான் ஒரு நாயைத் தொட விரும்புகிறேன்' என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி நடந்து, முஸ்லிம்கள் பலர் வந்து நாயைத் தொட்டுப் பார்த்து, பிறகு கழுவும் முறையையும் அங்கேயே கற்றுக்கொண்டு போனார்கள். அதற்கு எத்தனை வாரம் சண்டை நடந்தது என்று அப்போது செய்தி பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமாவிடம் அந்தச் சூடு இல்லை. தேநீரை ஊதியபடி கேட்டார், "அது வாசல்ல படுக்காதா?" குகையில் முந்நூறு வருஷத்துக்கு மேல் தூங்கிய இளைஞர்களின் கதையைச் சொன்னார். குர்ஆனில் 'குகை' என்றே ஒரு அத்தியாயம். வெள்ளிக்கிழமைகளில் ஓதுவது. அவர்களோடு ஒரு நாயும் இருந்தது, முன்னங்கால் இரண்டையும் வாசலில் நீட்டிப் படுத்திருந்தது. "உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. வாசல்ல. அதுக்கு அதுதான் எடம்."

நம் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. மகாபாரதக் கடைசியில் இந்திரன் தேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், நாய் ஏறக் கூடாது என்கிறான், நாய் இல்லாமல் நானும் ஏறமாட்டேன் என்கிறார் தருமர். யோசித்தால் அதுவும் இருக்கை பற்றிய பிரச்சினைதான். ஆனால் அங்கே நாய் தர்மதேவதையாக மாறிவிடுவதால் இருக்கை விவகாரம் தீர்க்கப்படாமலே போய்விடுகிறது. எனக்குக் குகை நாய்தான் உதவியது.

கேரன் பிரையர் என்று ஒரு பயிற்சியாளர், டால்ஃபின்களைப் பழக்கியவர். 1984இல் அவர் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' புத்தகத்தில், வேண்டாத பழக்கத்தை ஒழிக்க எட்டு வழிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் வழி ஆளையே தீர்த்துக்கட்டுவது. நிச்சயம் பலன் தரும் என்கிறார். புத்தகத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. பட்டியலில் பின்னால் வரும் ஒன்று: வேண்டாததைச் செய்துகொண்டே செய்ய முடியாத வேறொன்றைக் கற்றுக்கொடு. பாயில் படுத்திருக்கும் நாய் அதே நேரத்தில் சோபாவில் படுத்திருக்க முடியாது. 'ஏறாதே' என்பதை நாய்க்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. 'இங்கே வந்து படு' என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

பாய் சாதாரணப் பாயாக இருந்தால் போதாது. எட்டு வயது நாயின் முழங்கை பலகைத் தரையில் காய்த்துப் போயிருந்தது. அம்மா பழைய பஞ்சு மெத்தை ஒன்றை நாலாக மடித்துத் தைத்து, மேலே மெங்குவாங் பாயை வெட்டிப் போட்டார். அதற்கும் மேலே, ஆண்ட்டி பையில் வைத்து அனுப்பியிருந்த பூப்போட்ட சட்டை. படிக்கட்டு வந்து சேரும் வாசலுக்குப் பக்கத்தில், கம்பித் தடுப்பின் இடைவெளியில் தெரு தெரிகிற மாதிரி விரித்தோம். மெத்து, வாசனை, வேடிக்கை மூன்றும் அங்கே. சோபாவுக்குத் தனியாக ஒன்றும் மிச்சமில்லை.

முதல் வாரம் வாயே திறக்கவில்லை. மணி போகிற போக்கில் பாயில் ஒரு கால் வைத்தால் ஈரல். நாம் இழுத்து வைத்தால் அது நம் வேலை. அதுவாக வந்து கால்வைத்தால்தான் அதன் வேலை. மூன்றாம் நாள் இரண்டு கால், ஐந்தாம் நாள் நாலு கால். பிறகு உட்கார்ந்தால் மட்டும். பிறகு படுத்தால் மட்டும். படுத்து ஐந்து விநாடி, பத்து விநாடி. ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போகவில்லை. கிழட்டு நாய்க்குச் சீக்கிரம் அலுத்துவிடும், அலுத்த நாய் ஈரலையும் மதிக்காது. பழகிய பிறகுதான் அதற்கு 'பாய்' என்று பெயர் வைத்தேன். அம்மா சிரித்தார்: "மொதல்ல அது பேரு. இப்ப அது படுக்கிற எடத்துக்குப் பேரா?" மணிக்குக் குழப்பம் எதுவும் இல்லை. பழைய பெயரைக் கேட்டு ஓடி வந்து பாயில் படுத்துக்கொண்டது.

'எறங்கு' தனிப் பாடம். சோபாவில் இருக்கும்போது கோபமே இல்லாமல் ஒரு துணுக்கைத் தரையில் உருட்டிவிடுவேன். அது குதிக்கும் நொடியில் 'எறங்கு.' நூறு முறை ஆன பிறகு சொல்லை முதலில் சொல்லி, துணுக்கை அப்புறம். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: ஏறினால் துணுக்கு, இறங்கினால் துணுக்கு என்று நாய் தொழிலே தொடங்கிவிடும். மணி இரண்டு நாள் தொடங்கியது. அதனால் இறங்கியதற்குச் சின்னத் துணுக்கு, ஏறாமல் பாயில் கிடந்ததற்குப் பெரிய துணுக்கு என்று கூலியை மாற்றினோம். ஆள் இல்லாத நேரத்தில் சோபாவின்மேல் இரண்டு முக்காலிகளைக் கவிழ்த்துவைத்தோம். பயிற்சி என்று அதைச் சொல்ல முடியாது, பூட்டு மாதிரி. பழைய பரிசு விழாமல் பார்த்துக்கொள்ள மட்டும்.

இரண்டாம் மாத முடிவில் நிலைமை மோசமானது. முக்காலியைத் தள்ளிவிட்டு ஏறியது, ஊளையிட்டது, சோபா கைப்பிடியைக் கீறியது. அணையப்போகிற விளக்கு அப்படித்தான் எரியும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காமல் போனால், விடுவதற்கு முன் ஒருமுறை பலமாகத் தட்டிப்பார்ப்பது எல்லா உயிருக்கும் பழக்கம். அந்த வாரம் விட்டுக்கொடுத்தால் பலமாகத் தட்டினால் திறக்கும் என்ற பாடம்தான் மிஞ்சும். நாங்கள் பேசாமல் ஈரல் அவித்தோம். பத்து நாளில் அடங்கியது.

இரவு மட்டும் மிச்சம். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. ஒருநாள் பதினொரு மணிக்கு எழுந்து வந்து பார்க்கிறேன், தொலைக்காட்சி வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. அம்மா தன் பாயை மணியின் பாய்க்குப் பக்கத்தில் விரித்து, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். மணியின் தாடை அவர் கணுக்காலில். "மேல ஒக்காந்து ஒக்காந்து முதுகு புடிச்சுக்குது" என்றார், நான் கேட்காமலே. அன்றிலிருந்து இரவில் சோபாவில் யாரும் இல்லை.

நான்காம் மாதம் அம்மா சோபா உறைகளைக் கழற்றினார். மண் கலந்த சோப்பு இங்கே முஸ்லிம் கடைகளில் கிடைக்கும். வாங்கிவந்து ஒரு தடவை அதில், ஆறு தடவை வெறும் தண்ணீரில். தேக்குச் சட்டத்தையும் பிரம்புப் பின்னலையும் அதே கணக்கில் நானும் அம்மாவும் துடைத்தோம். மாமா இதையெல்லாம் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. மாடி முற்றத்துக் கொடியில் உறைகள் காய்ந்ததைக் கீழ்க்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மாமா படியேறி வந்த சத்தத்துக்கு மணி எழுந்து நின்றது. நான் எதுவும் சொல்லவில்லை. அது சோபாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, ஒரு சுற்று சுற்றிப் பாயில் படுத்து முன்னங்கால்களை நீட்டிக்கொண்டது. மாமா அதைத் தாண்டுவதற்காகக் கைலியைச் சற்றே தூக்கிப் பிடித்து, ஒரு எட்டு அகலமாக வைத்து உள்ளே வந்தார். வலது மூலையில் உட்கார்ந்தார். இஞ்சித் தேநீர் வந்தது. பாதி குடித்த பிறகு நாய்ப் பக்கம் திரும்பி, "என்ன, பசியாறியாச்சா?" என்றார். மணி வாலைத் தரையில் தட்டியது.

இப்போது வாரம் தவறுவதில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை: இடி. பினாங்கில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாமா உட்கார்ந்திருக்கும்போதே ஓடு அதிர்ந்தது. மணி பாயை விட்டு எகிறி ஓடி வந்தது. நான் எழுவதற்குள் சோபாவுக்கு அடியில் நுழைந்துவிட்டது. தேக்குச் சட்டத்துக்குக் கீழே நாய் படுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. மாமா காலிரண்டையும் மெல்ல மேலே எடுத்து மடித்துவைத்துக்கொண்டார். மழை விடும்வரை மாமா சோபாவின் மேல், மணி கீழே. அம்மா இன்னொரு தேநீர் போட்டார்.